எட்டாங்கிளாஸ்ல வெளிநாட்டுக் கதை சொல்லப்போயி ஒரு தப்பு பண்ணிட்டேன், இனி எப்படிங்க எடுத்துட்டுப் போறது?

பவர்டேபிள்_ஊர்_மிஸ்:

வணக்கம்ங்க. திருப்பூர் பக்கம் ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல எட்டு, ஒம்பதுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன். எட்டாங்கிளாஸ்ல 41 பசங்க, அதுல ஆறு பேரு வெளி மாநிலம், மூணு ஒடிசா, ரெண்டு பீகார், ஒருத்தன் அசாம். அப்பா அம்மா எல்லாம் பனியன் தைக்கற பவர்டேபிள்லயோ, தைச்சத சரிபாக்கற செக்கிங்லயோ வேலை. இந்த ஆறு பேருக்கும் சேர்த்து மத்த பசங்க வெச்சிருக்கற பேரு என்னன்னு நான் இங்க எழுத வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும். அசாம் பையனுக்கு இந்தியே சரியா வராது, அவனையும் இந்திக்காரன்ங்கறாங்க.

அதட்டிப் பாத்தாச்சு, ப்ரேயர்ல எச்எம் பேசிப் பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல. சரி கதை சொல்லித்தான் பாப்போமேன்னு லைப்ரரி பீரியட்ல ஆரம்பிச்சேன். ஜும்பா லாஹிரியோட 'வென் மிஸ்டர் பிர்சாடா கேம் டு டைன்'. படிக்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன், 1971, அமெரிக்காவுல பாஸ்டனுக்கு வடக்க ஒரு ஊரு, லிலியான்னு பத்து வயசுப் பொண்ணு, அவங்க வீட்டுக்கு டாக்காவுல இருந்து வந்திருக்கற ஒரு பாட்டனி வாத்தியார் ராத்திரி சாப்பாட்டுக்கு வருவாரு, அவரு ரூம்ல டிவி இல்ல, இவங்க வீட்ல நியூஸ் பாக்கணும், ஏன்னா சம்சாரமும் ஏழு பொண்ணுங்களும் டாக்காவுல மாட்டிக்கிட்டாங்க, அது அப்ப கிழக்கு பாகிஸ்தான், அங்க விடுதலைச் சண்டை. சாப்பிடறதுக்கு முன்னாடி பாக்கெட்ல இருந்து ஒரு வாட்ச்ச எடுத்து சாவி குடுத்து டேபிள் மேல வெப்பாரு. கையில கட்டியிருக்கறது அமெரிக்கா டைம், இது டாக்கா டைம், 11 மணி நேரம் முன்னாடி ஓடும்.

பசங்க அப்படியே கேட்டாங்க. அவரு குடுக்கற மிட்டாய வாயில வெச்சுக்கிட்டு லிலியா அவரு குடும்பத்துக்காக வேண்டிக்குவா, அன்னிக்கு ராத்திரி பல்லு தேய்க்கற மாதிரி சும்மா நடிப்பா, தேய்ச்சா வேண்டுதலும் சேர்ந்து கழுவிட்டுப் போயிருமோன்னு. கடைசி பெஞ்சுல ஒருத்தன் "அப்ப சொத்தைப் பல்லு வராதா மிஸ்"னான், கிளாஸே சிரிப்பு. எல்லாம் நல்லாத்தான் போச்சு.

அப்புறம் நான் பண்ணினதுதான். அந்த ஜோர்ல ஒடிசாப் பொண்ணு பக்கம் திரும்பி, "நீ சொல்லு பாப்பா, உங்க ஊர விட்டு வந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டுட்டேன். 40 தலை ஒரே நேரத்துல திரும்புச்சு. அந்தப் பொண்ணு டெஸ்க்ல தலைய வெச்சுக் கவுந்தவ பெல் அடிக்கற வரைக்கும் நிமிரல. அடுத்த மூணு நாள் ஸ்கூலுக்கு வரல. காய்ச்சல்னு அவ தம்பி வந்து சொன்னான், நான் நம்பல.

இப்ப என்ன கேக்கறேன்னா, இந்த மாதிரி கதைகள கிளாஸ்ல எடுக்கறது நல்லதுதானா, எடுத்தா எப்படி எடுக்கணும், அந்த ஆறு பேர காட்சிப் பொருளா ஆக்காம. கதை பேரு தெரிஞ்சாலும் சொல்லுங்க.

---

சனிக்கிழமை_வகுப்பு:

டீச்சர், முதல்ல நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டிருக்க வேண்டாம், இதே பிழையை நான் பதினைஞ்சு வருசத்துக்கு முந்தியே விட்டிட்டன், உங்களை விடப் பெரிசா.

நான் ரொறன்ரோவில இருக்கிறன், கிழமை நாளில ஒரு ஹைஸ்கூலில இங்கிலிஷ் படிப்பிக்கிறன், சனிக்கிழமையில தமிழ் வகுப்பு. தொடக்கத்தில நான் குடுத்த ஹோம்வேர்க் என்னெண்டால், "உங்கட குடும்பம் கனடாவுக்கு வந்த கதையை எழுதிக்கொண்டு வாங்கோ". ஒரு பெடியன் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தான், 'நாங்கள் ப்ளேனில வந்தனாங்கள்'. நான் சிவப்புப் பேனையால 'இன்னும் விபரம் தேவை' எண்டு எழுதி விட்டன். அடுத்த நாள் தாய் வந்து நிக்கிறா. "மிஸ், எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்ல, நாங்கள் அங்க சொன்னது ஒண்டு, பிள்ளை தனக்கு ஞாபகம் இருக்கிறதை வைச்சு வேற ஒண்டை எழுதி அது எங்கயும் போய்ச் சேர்ந்தால் என்ன செய்யிறது." மனிசி கதைக்கேக்க கை நடுங்கினது. வீட்டில அந்தப் பிள்ளைக்கு வாயைத் திறக்காதே எண்டு சொல்லி வைச்சிருக்கினம், நான் இஞ்ச விபரம் கேக்கிறன்.

அண்டையோட அந்த ஹோம்வேர்க் முடிஞ்சுது. ஒரு பிள்ளை ஏன் பேசேல்ல எண்டு எங்களுக்குத் தெரியாது. வெக்கமா இருக்கலாம், பயமா இருக்கலாம், இல்லாட்டி அந்தக் கதை அதின்ர கதையே இல்லை, தாய் தேப்பன்ர கதை.

இப்ப நான் என்ன செய்யிறன் எண்டால், வந்தவையின்ர பக்கத்தில நிண்டு எழுதச் சொல்லுறேல்ல, பாத்தவையின்ர பக்கத்தில நிண்டு எழுதச் சொல்லுறன். 1986 ஓகஸ்டில நியூஃபவுண்ட்லாந்துக் கடல்ல ரெண்டு லைஃப்போட்டில 155 தமிழ்ச் சனம் பனிப் புகாருக்குள்ள மிதந்துகொண்டிருந்ததை கஸ் டால்ட்டன் எண்ட மீன்பிடிக் கப்டன்தான் முதல்ல கண்டவர். பிள்ளையளுக்கு நான் குடுக்கிற கேள்வி: நீ அந்த மீன்பிடி போட்டில நிக்கிறாய், உனக்கு என்ன தெரியுது, உன்னட்ட குடுக்க என்ன இருக்கு, என்ன பாசையில கதைப்பாய். தமிழ்ப் பிள்ளை, சோமாலிப் பிள்ளை, நாலு தலைமுறையா இஞ்ச இருக்கிற பிள்ளை, எல்லாரும் ஒரே போட்டில. ஒருத்தருக்கும் கூட இல்லை குறைய இல்லை.

அதில இன்னொரு சங்கதியும் இருக்கு. அவையள் முதல்ல இந்தியாவில இருந்து வாறம் எண்டுதான் சொன்னவை, பிறகு பாத்தால் மேற்கு ஜெர்மனியில இருந்து கப்பலேறினவை. வகுப்பில இதைச் சொன்ன உடன ரெண்டாப் பிரிஞ்சு அடிபடுவினம், பொய் சொன்னது சரியோ பிழையோ எண்டு. நான் தீர்ப்புச் சொல்லுறேல்ல. அதோட கோமகட்டா மாரு கப்பலையும் வைப்பன், 1914, வான்கூவர், 376 பேர் வந்து 24 பேரைத்தான் இறங்க விட்டவை. பிறகு செயின்ட் லூயிஸ் கப்பல், 1939, 937 பேர், அநேகமா எல்லாரும் யூதர், கியூபாவும் விடேல்ல அமெரிக்காவும் விடேல்ல கனடாவும் விடேல்ல. முதலாவதுக்கு கனடா பார்லிமெண்டில மன்னிப்புக் கேட்டது 2016, ரெண்டாவதுக்கு 2018. ஒரு பெடியன் உடன கணக்குப் போட்டான், "அதுக்கு 102 வருசம், இதுக்கு 79, அப்ப போகப் போகக் குறையுது மிஸ்" எண்டு. சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்ல.

---

சோசியல்_சார்:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், காலாண்டுக்கு முன்னாடி போர்ஷன் முடிச்சவங்க இங்க எத்தன பேரு? கவர்மெண்டோட எமிஸ் வெப்சைட்ல பசங்க விவரம் ஏத்துறதுக்கே ஒரு பீரியட் போயிடுது, இதுல பாஸ்டன் கதை. அப்படியே சொல்லணும்னாலும் நம்மகிட்ட இல்லாததா, பட்டினப்பாலைலயே புகார் நகரத்துல பல மொழி பேசுற 'புலம்பெயர் மாக்கள்' கலந்து இனிதா இருந்தாங்கன்னு வருது, அத ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டு பாடத்துக்குப் போகலாமே. மேடம் தப்பா எடுத்துக்காதீங்க.

---

கூடலூர்_வாத்தி:

சோசியல் சார், பட்டினப்பாலை சொல்லலாம் தப்பில்ல, ஆனா 'கலந்து இனிது உறைந்தார்கள்'னு ரெண்டு நிமிஷத்துல சொன்னா பசங்க அதையும் பரீட்சைக்கு எழுதிட்டு வெளிய வந்து அதே பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.

மிஸ், எனக்கு சனிக்கிழமை வகுப்பு சொன்னதுல முக்கால்வாசி சம்மதம், ஒரு கால்வாசி இல்ல. கேக்கவே கூடாதுன்னு விட்டுட்டா என்ன ஆகும்னு நான் தினமும் பாக்குறேன். எங்க ஸ்கூல்ல பாதிப் பசங்களோட தாத்தா பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க. 1964ல இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தத்துல, அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கிறதா கையெழுத்தாச்சு, அவங்களையெல்லாம் 'தாயகம் திரும்பியோர்'னு பேரு போட்டு, நீலகிரிக்கு வந்தவங்களுக்காக டேன்டீன்னு அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டு லைன் வீடு குடுத்தாங்க. திரும்புறதுக்கு அவங்க முன்னப் பின்ன இந்த ஊரப் பாத்ததே இல்ல, பொறந்தது பூரா அங்கதான், அது வேற விஷயம். அவங்க பேரன் பேத்திகளுக்கு இதுல ஒரு வரி தெரியாது. அகதி, புலம்பெயர்ந்தவங்கன்னா டிவில வர்ற யாரோன்னு நெனப்பு. சிலோன்காரன்னு யாராவது திட்டினா மட்டும் கோவம் வரும், ஏன் திட்டுறான்னு தெரியாது.

நான் எடுத்தது வியட்நாம் கதை. தான்ஹா லாய் எழுதின 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்', 2011ல வந்தது, முழுக்க சின்னச் சின்னக் கவிதையா இருக்கும், எட்டு ஒம்பதுக்கு இங்கிலீஷ் தாங்கும். 1975ல வியட்நாம் சண்டையில சைகோன் நகரம் விழும்போது ஹான்னு ஒரு பத்து வயசுப் பொண்ணு கப்பல் ஏறி கடைசில அலபாமாவுக்குப் போய்ச் சேருவா. வீட்டுல அவ வளத்த பப்பாளி மரம் அங்கயே நின்னு போச்சு. அமெரிக்காவுல ஒரு டீச்சர் பாவம் ஆசையா பப்பாளி வாங்கிக் குடுப்பாங்க, ஆனா அது காயவெச்சு சக்கரை போட்டது. இவ கோவத்துல குப்பைல போட்டுடுவா. அப்புறம் ராத்திரி பாத்தா அம்மா அதோட சக்கரையக் கழுவி சுடுதண்ணில ஊறப்போட்டு வெச்சிருப்பாங்க. அது மாதிரி இல்ல, ஆனா மோசமும் இல்லன்னு சாப்பிடுவா.

இதப் படிச்சுட்டு நான் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. வீட்டுல பெரியவங்ககிட்ட, இங்க கெடைக்காத ஒரு சாப்பாடு என்னன்னு கேட்டுட்டு வாங்க. அவ்வளவுதான், எப்படி வந்தீங்க ஏன் வந்தீங்கன்னு ஒண்ணும் கேக்கல. ஒரு பையன் வந்து ஈரப்பலாக்கான்னான். அவன் பாட்டி இங்க வந்த புதுசுல பலாக்காய வெட்டி அதே மாதிரி தேங்காய்ப்பால் ஊத்தி வெச்சுப் பாத்துச்சாம், வாய்ல வெச்சுட்டு 'இது அது இல்லடி'ன்னு பாட்டியோட அம்மா தட்ட நகத்திட்டாங்களாம். இதச் சொல்லிட்டே பாட்டி பொட்டியத் தொறந்து, மண்டபம் கேம்ப்ல குடுத்த கார்டு, தலைமன்னார் கப்பல் சீட்டு எல்லாம் எடுத்துக் காட்டிருக்கு. அந்த வீட்டுல அந்தப் பொட்டி அம்பது வருஷமா இருக்கு, அவன் கேட்டது அன்னைக்குத்தான். கேக்கலாம் மிஸ், ஆனா கிளாஸ் நடுவுல நிக்க வெச்சு கேக்காதீங்க, வீட்டுக்கு அனுப்பி சாப்பாட்டுப் பேச்சா கேக்கச் சொல்லுங்க.

---

பவர்டேபிள்_ஊர்_மிஸ்:

கூடலூர் சார், பலாக்காய் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. சனிக்கிழமை வகுப்பு மேடம், நீங்க சொன்ன கேஸ் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. இங்க கேஸ் இல்ல, ஆனா வேற இருக்கு. 2023 மார்ச்ல பீகார்க்காரங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சே, அப்ப எத்தன பேரு ராத்திரியோட ராத்திரியா ஸ்டேசனுக்குப் போனாங்கன்னு நாங்க கண்ணால பாத்தோம். அதெல்லாம் அந்தப் பசங்க வீட்டுலயும் பேசியிருப்பாங்கல்ல. எங்கிருந்து வந்தேன்னு கேக்கறதே அவங்க காதுக்கு வேற மாதிரி விழும்போல.

பொண்ணு ஸ்கூலுக்கு வந்துட்டா. நான் ஒண்ணும் கேக்கல, அவளும் சொல்லல.

---

ஞாயிறு_வாசிப்பு:

மதுரைல நாலஞ்சு பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு வாசிப்பு நடத்துறோம், அந்த அனுபவத்துல ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு, ஷான் டானோட 'தி அரைவல்'. ஆஸ்திரேலியாக்காரர், அவங்க அப்பா மலேசியாவுல இருந்து போனவர். 2006ல வந்த புத்தகம், உள்ள ஒரு வார்த்தை கிடையாது, பூரா பென்சில் படம். ஒருத்தன் பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு ஒரு பொட்டியத் தூக்கிட்டு கப்பல் ஏறி எங்கயோ போறான். போற ஊர்ல போர்டு, டிக்கெட், பேப்பர் எல்லாத்துலயும் எழுத்து இருக்கும், ஆனா அது இவர் சொந்தமா உண்டாக்குன எழுத்து, உலகத்துல யாராலயும் படிக்க முடியாது. உங்க கிளாஸுக்கு இதுதான் மேட்டரே. தமிழ் நல்லா வாசிக்கிறவன், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பீகார்ப் பையன், இங்கிலீஷ்ல நூத்துக்கு நூறு வாங்குறவ, எல்லாரும் அந்தப் பக்கத்துக்கு முன்னாடி முழிச்சுக்கிட்டு நிப்பாங்க. எங்க கூட்டத்துல நல்லா படிக்கிற பிள்ளைதான் முதல்ல எரிச்சல் பட்டுச்சு, "இது என்ன எழுதிருக்குன்னே தெரியலயே"ன்னு. பக்கத்துல ராஜஸ்தான்ல இருந்து வந்த மார்பிள் வேலைக்காரர் மகன் ஹாயா படத்தப் பாத்து கதை சொல்லிட்டு இருந்தான், அவனுக்கு படிக்கத் தெரியாத போர்டப் பாத்துப் பழக்கம்தானே. வெல கொஞ்சம் ஜாஸ்தி, ஒரு காப்பி வாங்கி ஸ்மார்ட் போர்டுல காட்டுங்க.

ரெண்டாவது தாகூரோட காபுலிவாலா, 1892ல எழுதினது. ஆப்கான்ல இருந்து கல்கத்தா வந்து பாதாம் திராட்சை விக்கிற ரஹ்மத், அஞ்சு வயசு மினி. இது புலம்பெயர் கதைன்னு நாம யோசிக்கிறதே இல்ல, வருஷா வருஷம் ஊருக்கும் வேலைக்கும் அலையுற ஆளோட கதை, அப்படியே உங்க பவர்டேபிள் ஆளுங்கதான். அதுல ரஹ்மத் மாமனார் வீட்டுக்குப் போறேன்னு மினிகிட்ட விளையாட்டாச் சொல்லுவான், வங்காளத்துல அது ஜெயிலுக்கும் பேரு. இங்கிலீஷ்ல படிச்சா இதுக்கு தனியா விளக்கம் குடுக்கணும், நம்மூர்ல மாமியார் வீடுன்னு சொன்னாப் போதும், அஞ்சாங்கிளாஸ் பிள்ளையும் சிரிக்கும். கடைசில அவன் சட்டைக்குள்ள இருந்து ஒரு அழுக்குக் காயிதம் எடுப்பான் பாருங்க, போட்டோ இல்ல படம் இல்ல, கரி பூசி வெச்ச மகளோட கைத்தடம். அந்த எடத்துல நிறுத்திட்டு ஒண்ணும் பேசாதீங்க, முக்கியமா அறிவுரை சொல்லாதீங்க. தாகூருக்கு காப்பிரைட் முடிஞ்சு போச்சு, கூசாம ஜெராக்ஸ் எடுக்கலாம்.

அப்புறம் பிர்சாடா கதைல ஒரு எடத்த நீங்க விட்டுட்டீங்க மிஸ். லிலியா ஸ்கூல் லைப்ரரில பாகிஸ்தான் பத்தி ஒரு புத்தகத்த எடுத்துப் புரட்டிட்டு இருப்பா, அமெரிக்கப் புரட்சி பத்தி ரிப்போர்ட் எழுதுற நேரம் அது, அவளோட டீச்சர் கென்யன் மிஸ் வந்து இது உன் ரிப்போர்ட்டுக்குத் தேவையா, இல்லேல்ல, அப்ப இருந்த எடத்துல வையின்னு சொல்லிடுவாங்க. சோசியல் சார் கோச்சுக்காதீங்க, போர்ஷன் போஸ்ட் படிச்சதும் எனக்கு அந்த மிஸ் ஞாபகம்தான் வந்துச்சு.

---

சோசியல்_சார்:

கோவம் இல்ல, ஆனா அந்த மிஸ்ஸுக்கும் மேல ஒரு ஹெச்எம் இருந்திருப்பாருல்ல, அத யாரும் எழுதமாட்டீங்க.

---

பவர்டேபிள்_ஊர்_மிஸ்:

ரெண்டு வாரம் ஆச்சுங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

காபுலிவாலா சொன்னேன். கைத்தடம் வந்ததும் சொன்ன மாதிரியே நிறுத்திட்டேன், கஷ்டமாத்தான் இருந்துச்சு, நமக்கு வாய் அரிக்கும்ல. ஒருத்தன் மட்டும், அந்தப் பொண்ணு வளந்திருக்குமே மிஸ், பழைய கை இப்ப பத்தாதேன்னான். அதுக்கு மேல யாரும் பேசல, நானும் பேசல.

அடுத்த வாரம் மறுபடி பிர்சாடாவுக்கு வந்தேன். யாரையும் பாத்துக் கேக்கல. போர்டுல ரெண்டு கடிகாரம் வரைஞ்சு ஒண்ணு பாஸ்டன் ஒண்ணு டாக்கான்னு போட்டு, அவரு சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட உக்காந்தா டாக்காவுல அந்த ஏழு பொண்ணுங்க என்ன பண்ணிட்டு இருப்பாங்கன்னு நோட்டுல எழுதச் சொன்னேன். அங்க விடிகாலை அஞ்சு மணி. ஒருத்தி எழுதியிருந்தா, எல்லாரும் தூங்கறாங்க, அஞ்சாவது பொண்ணு மட்டும் பாத்ரூம் போக எந்திரிச்சிருக்கான்னு. இன்னொருத்தன் ஏழு பேருக்கும் தமிழ்ல பேரு வெச்சு ரெண்டு பக்கம் எழுதிட்டான். அவங்க அப்பா துபாய்லயாம், எனக்கு இத்தன நாள் தெரியாது. நான் அந்த ஆறு பேரையே பாத்துட்டு இருந்திருக்கேன்.

நோட்டு திருத்திட்டு இருக்கறப்ப அந்த ஒடிசாப் பொண்ணு டேபிள் பக்கத்துல வந்து நின்னா. தமிழ்லதான் சொன்னா, மெதுவா. "மிஸ், எங்க ஊர்லயும் இங்கயும் கடிகாரம் ஒரே டைம்தான். ஆனா அங்க சீக்கிரம் இருட்டாயிரும். டிசம்பர்ல அஞ்சு, அஞ்சேகாலுக்கே லைட் போட்டுருவோம். இங்க வந்த புதுசுல சாயங்காலம் முடியவே முடியாதுன்னு இருக்கும்." அவ்வளவுதான் சொன்னா, நோட்ட வாங்கிட்டுப் போயிட்டா.

எனக்கு இது நெசமான்னு கூடத் தெரியலைங்க, ஒரே நாடு ஒரே டைம்னுதான நாம நெனச்சுக்கறோம். கடிகாரத்துல ஒண்ணு, வானத்துல வேற. சோசியல் சார், இது சரிதானா?

---

சோசியல்_சார்:

சரிதான் மேடம். புவனேஸ்வர் கிட்டத்தட்ட 85.8 டிகிரி கிழக்கு, திருப்பூர் 77.3. எட்டரை டிகிரி வித்தியாசம், டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக 34 நிமிஷம் அங்க சூரியன் முந்திக்கும். நம்ம எல்லாருக்கும் ஒரே டைம் குடுக்குற 82.5 டிகிரி கோடு ஒடிசா வழியாத்தான் போகுது. அதுவும் டிசம்பர்ல வடக்க போகப் போகப் பகல் இன்னும் சுருங்கும், அதனால கூடவே ஒரு பத்து இருபது நிமிஷம் சேரும். அந்தப் பொண்ணு சொன்ன டைம் கரெக்டா வருது.

இந்த தீர்க்கக்கோடு கணக்க நான் வருஷா வருஷம் லண்டன வெச்சுத்தான் போடுறேன், பாதிப் பேருக்கு ஏறாது. அந்த ரெண்டு கடிகாரம் வரைஞ்ச போர்ட ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க மேடம், அழிச்சுட்டீங்களா?

---

பவர்டேபிள்_ஊர்_மிஸ்:

அழிச்சுட்டேன் சார், அடுத்த பீரியட் மேத்ஸ். நாளைக்கு மறுபடி வரையறேன், இந்தத் தடவ மூணாவதா ஒண்ணு சேர்த்து.